சார்பு வளையங்களை அவிழ்த்தல்: மூலநிரலிலிருந்து பொதிகள் கட்டியபோது நான் பட்டறிந்தவை

லினக்ஸ் மென்பொருள்களை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, நிறுவத்தக்க பொதிகளாக (பேக்கேஜ்களாக) கட்டும் வேலையில் யார் இறங்கினாலும், என்றேனும் ஒருநாள் சார்பு வளையம் ஒன்றில் சிக்கியே தீர வேண்டியிருக்கிறது. முதல் பொதியைக் கட்ட இரண்டாவது பொதி வேண்டும் என்கிறது கருவி. இரண்டாவதைக் கட்டப் போனால் முதலாவது எங்கே என்று கேட்கிறது. இரண்டுமே கையில் இல்லாதபோது எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வாரக்கணக்கில் விடை தேடினேன். வாடகைக்கு எடுத்திருந்த பில்ட் சர்வருக்குக் கொடுத்த பணமும் பல இரவுகளின் தூக்கமும் அதில் போயின. தேடிய இடங்களிலெல்லாம் "இதை முதலில் கட்டு, பிறகு அதைக் கட்டு, பிறகு மீண்டும் இதையே கட்டு" என்ற வரிசைகள்தாம் கிடைத்தன. ஏன் அந்த இடத்தில் வெட்டுகிறோம், என் முன்னால் கிடக்கும் வேறொரு சிக்கலில் எங்கே வெட்டுவது என்பதைச் சொல்லித் தர யாரும் இல்லை. இதே வேலையை அடுத்துத் தனியாகச் செய்யப் போகிறவருக்காவது அந்த விளக்கம் கிடைக்கட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட வேலை, தொடுதிரை உள்ள ஒரு சிறிய கருவிக்கான முழு மென்பொருளையும் மூலநிரலிலிருந்தே கட்டித் தருவது. கடைசியில் கருவிக்குள் போகும் ஒவ்வொரு பைனரியும் (ஓடத் தயாரான கோப்பும்) நாங்களே கம்பைல் செய்ததாக இருக்க வேண்டும், டெபியன், ஃபெடோரா போன்ற எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோவிலிருந்தும் ஆயத்தமாக எடுத்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அடித்தளமான பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர் கருவிகள்), ஜிசிசி (கம்பைலர்), ஜிலிப்சி (சி நூலகம்) ஆகியவற்றைக் கட்டுவது எதிர்பார்த்ததைவிட எளிதாகவே முடிந்தது. அங்கேயும் வளையம் இருக்கத்தான் செய்கிறது. சி நூலகத்தைக் கட்டக் கம்பைலர் வேண்டும். முழுமையான கம்பைலரைக் கட்டச் சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். ஆனால் அந்தப் பாதையில் பலர் நடந்து தேய்த்துவிட்டார்கள். தலைப்புக் கோப்புகள் இல்லாமலேயே, திரெட் வசதியும் பகிர் நூலகங்களும் இல்லாத ஒரு குறைக் கம்பைலரை முதலில் கட்டி, அதைக் கொண்டு ஜிலிப்சியைக் கட்டி, அதற்குப் பிறகு முழுக் கம்பைலரைக் கட்டுகிறோம். எல்லா வளையங்களுக்குமான தீர்வு இந்த ஒரு நடையிலேயே அடங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை. கம்பைலருக்கு மட்டுமே உரிய தனி வித்தை என்று எண்ணிக்கொண்டு மேலே போனேன்.

திரையில் எழுத்துகளைக் காட்டும் அடுக்குக்கு வந்ததும் வேலை நின்றது. எந்தப் பொதிக்கு எது வேண்டும் என்பதை இணை இணையாக ஒரு கோப்பில் எழுதி, டிசார்ட் என்ற சிறு கருவியிடம் கொடுத்தேன். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்புடன் வரும் கருவி அது. சார்புகளைக் கொடுத்தால் கட்டும் வரிசையைத் தரும். உள்ளீட்டில் வளையம் இருக்கிறது என்று அது எச்சரித்து, வளையத்தில் உள்ள பெயர்களைக் காட்டி, பிறகு ஒரு முழு வரிசையையும் தந்தது. இங்கே புதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும். டிசார்ட் தரும் அந்த வரிசை பார்ப்பதற்கு முழுமையாக இருக்கும், ஆனால் வளையத்தில் ஏதோ ஓர் இணைப்பைத் தன் போக்கில் விட்டுவிட்டுத்தான் அது அந்த வரிசையைப் போட்டிருக்கிறது. விட்ட இணைப்பு உண்மையில் விடக்கூடியதுதானா என்பது அதற்குத் தெரியாது. கம்பைல் வேலையை வரிசைப்படி நடத்தும் மேக் கருவியும் அப்படித்தான். வளையம் தென்பட்டால் அந்தச் சார்பைக் கைவிட்டதாக ஒரு வரி எழுதிவிட்டு மேலே ஓடும். கருவிகள் வளையத்தைக் கண்டுபிடித்துத் தரும். எங்கே வெட்டுவது என்பதை மென்பொருளை அறிந்த மனிதர்தான் சொல்ல வேண்டும்.

என் வளையத்தின் மையத்தில் இருந்தவை ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு நூலகங்கள். ஃப்ரீடைப் எழுத்துருக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வடிவத்தையும் புள்ளிகளாக வரைந்து தருகிறது. எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஹார்ஃப்பஸ் முடிவு செய்கிறது. 'கொ' என்று நாம் எழுதினால், ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும் என்று கணக்கிடுவது அதுதான். எழுத்துருவின் அளவுகளை அறிய ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது. இதன் எதிர்த்திசையில், எழுத்துகளைத் தானாகவே கூர்மைப்படுத்தும் ஃப்ரீடைப்பின் பகுதி, எழுத்துருவில் ஒளிந்திருக்கும் மாற்று வடிவங்களைக் கண்டறிய ஹார்ஃப்பஸை நாடுகிறது. இத்துடன் முடிந்திருந்தால் பரவாயில்லை. ஹார்ஃப்பஸ், படம் வரையும் கெய்ரோ நூலகத்தையும் கேட்டது. கெய்ரோ, எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிகைக் கேட்டது. ஃபான்ட்கான்ஃபிக் ஃப்ரீடைப்பைக் கேட்டது. அதாவது ஒரே இடத்தில் சிறியதும் பெரியதுமாகப் பல வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

அந்தக் கட்டத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரை, வேறு டிஸ்ட்ரோவிலிருந்து ஒரு பைனரியைக் கடன் வாங்கித் தொடங்கு என்பது. பலரும் சொல்வது இது. பல நேரங்களில் சரியும்கூட. ஆனால் ஒரு வரம்பைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் வாங்கிய பைனரி தனியே ஓடிக் கோப்புகளை உருவாக்கித் தரும் கருவி என்றால் கடன் வாங்கலாம். அது நம் பொதிக்குள் இணைக்கப்படும் நூலகம் என்றால் வாங்கக் கூடாது. நான் எடுத்துப் பார்த்த நூலகம், 2023இல் வெளிவந்த ஜிலிப்சி 2.38உடன் கம்பைல் செய்யப்பட்டது. அந்தப் பதிப்பிலிருந்து, எண்களைப் படிக்கும் சில சாதாரணச் செயற்கூறுகள்கூடப் புதிய பெயரில் இணைக்கப்படுகின்றன. என் அமைப்பின் ஜிலிப்சி அதற்கு முந்தையது. ஆகவே சில பொதிகள் சிக்கலின்றிக் கட்டப்பட்டுவிட்டதுபோல் தோன்றி, பின்னர் ஓட்டும்போது 'ஜிலிப்சி 2.38 பதிப்பு கிடைக்கவில்லை' என்று விழுந்தன. பிழை தோன்றிய இடத்துக்கும் அதன் காரணம் இருந்த இடத்துக்கும் இடையே அத்தனை பொதிகள் இருந்ததால், மூலத்தைத் தேடிப் போவதிலேயே நாட்கள் கரைந்தன. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பத் தொடங்குவது என்று முடிவெடுத்த அன்று மனம் மிகவும் சோர்ந்துபோயிருந்தது. என்னால் இதைச் செய்ய முடியாது என்று வேலை கொடுத்தவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

திரும்பத் தொடங்கியபோது, கோப்பில் எழுதி வைத்திருந்த ஒவ்வொரு சார்பின் பக்கத்திலும் அது எதற்காக வேண்டும் என்று ஒரு சொல் எழுதினேன். வேலையின் போக்கையே மாற்றியது இந்தச் சிறு செயல்தான். 'வேண்டும்' என்று கருவிகள் சொல்லும் எல்லாமே ஒரே எடை உள்ளவை அல்ல. சில, கம்பைல் செய்யவே தேவைப்படுபவை. சில, கட்டி முடித்தபின் சோதனைகளை ஓட்டுவதற்கு மட்டும். சில, கையேட்டுப் பக்கங்களை உருவாக்குவதற்கு மட்டும். சில, பைத்தான் போன்ற வேறு மொழிகளிலிருந்து அந்த நூலகத்தை அழைப்பதற்கான இணைப்புகளுக்கு. இன்னும் சில, இருந்தால் நல்லது என்ற வகையிலான கூடுதல் வசதிகளுக்கு. இப்படிப் பிரித்து எழுதியதும், நான் பயந்துகொண்டிருந்த வளையங்களில் பெரும்பகுதி சோதனையாலும் ஆவணத்தாலும் உண்டானவை என்று தெரிந்தது. சோதனை ஓட்டாமல் ஒரு பொதியைத் தற்காலிகமாகக் கட்டலாம். கையேடு இல்லாமலும் கட்டலாம். பிறகு எல்லாம் வந்து சேர்ந்தபின் சோதனையோடும் கையேட்டோடும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். வளையத்தைப் பார்த்தவுடன் முதலில் வெட்ட வேண்டியவை இவைதாம்.

இதற்கான ஏற்பாடு பெரிய டிஸ்ட்ரோக்கள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. டெபியனில் பில்ட் புரொஃபைல் என்ற முறை 2014 முதல் அதன் பொதிக் கருவியான டிபேக்கேஜில் உண்டு. ஒரு சார்பின் பக்கத்தில் 'நோசெக்' (சோதனை இல்லாமல்), 'நோடாக்' (ஆவணம் இல்லாமல்), 'ஸ்டேஜ்1' (முதல் கட்டம்) என்று குறித்து வைத்தால், அந்தப் புரொஃபைலில் கட்டும்போது அந்தச் சார்பு கேட்கப்படாது. ஃபெடோராவில், பொதியைக் கட்டும் விதத்தை எழுதி வைக்கும் ஸ்பெக் கோப்புகளில் 'பூட்ஸ்ட்ராப்' என்ற நிபந்தனையை வைத்து, தொடக்கக் கட்டத்தில் மட்டும் சில பகுதிகளை அணைக்கிறார்கள். ஜென்டூவில், வசதிகளை இயக்கவும் அணைக்கவும் உள்ள யூஸ் ஃப்ளாகுகளே அந்த வேலையைச் செய்கின்றன. டெபியன் வழியில் போகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். பில்ட் ஆப்ஷனில் 'நோசெக்' என்று கொடுத்தால் சோதனைகள் ஓடாமல் நிற்குமே தவிர, சோதனைக்கான சார்புகள் அப்படியே கேட்கப்படும். அவற்றை விலக்கப் புரொஃபைலிலும் 'நோசெக்' இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பானது. இது தெரியாமல், சோதனையை அணைத்தும் வளையம் ஏன் போகவில்லை என்று ஒரு முழு வார இறுதியைச் செலவழித்தேன்.

சோதனையையும் ஆவணத்தையும் நீக்கியபின் மிஞ்சியவையே உண்மையான வளையங்கள். ஃப்ரீடைப்புக்கும் ஹார்ஃப்பஸுக்கும் இடையில் இருப்பது அத்தகையது. எங்கே வெட்டுவது என்பதற்கு நான் கண்ட வழி, எந்த ஓர் இணைப்பு மிக அதிகமான வளையங்களில் இடம்பெறுகிறது என்று பார்ப்பது. ஹார்ஃப்பஸிலிருந்து ஃப்ரீடைப்புக்குப் போகும் இணைப்பை வெட்டினால் சிறிய வளையம் மட்டுமே உடையும். கெய்ரோ வழியாகவும் ஃபான்ட்கான்ஃபிக் வழியாகவும் சுற்றிவரும் பெரிய வளையம் அப்படியே நிற்கும். ஃப்ரீடைப்பிலிருந்து ஹார்ஃப்பஸுக்குப் போகும் இணைப்பை வெட்டினாலோ எல்லா வளையங்களும் ஒரே வெட்டில் அவிழ்ந்துவிடும். மேலும் ஹார்ஃப்பஸ் இல்லாத ஃப்ரீடைப் எழுத்துகளைச் சரியாகவே வரையும். தானாகக் கூர்மைப்படுத்தும் பகுதியில்தான் சிறிது குறை இருக்கும். ஆகவே அந்த இணைப்பு அதிக வளையங்களில் இருப்பது, தற்காலிகமாக அது இல்லாவிட்டாலும் பொதி இயங்கும் என்பது, ஆகிய இரண்டு அளவுகோல்களிலும் தேறியது. பொதிகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது மிகக் குறைந்த வெட்டுகளில் எல்லா வளையங்களையும் உடைப்பது கணினியியலிலேயே மிகக் கடினமான கணக்குகளில் ஒன்று. 1972இல் கார்ப் தொகுத்த 21 கடினமான கணக்குகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. எனவே மிகச் சிறந்த வெட்டைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். தாங்கக்கூடிய ஒரு வெட்டு கிடைத்தால் போதும்.

வெட்டுவது என்று முடிவான பிறகும் அதை எப்படிச் செய்கிறோம் என்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. ஃப்ரீடைப் மெசான் என்ற பில்ட் கருவியை ஆதரிக்கிறது. நான் கட்டிய பதிப்பில், ஹார்ஃப்பஸ் வசதிக்கான மெசானின் இயல்பு நிலை 'ஆட்டோ': கணினியில் ஹார்ஃப்பஸ் இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் பதிவில் 'ஹார்ஃப்பஸ் கிடைத்ததா: இல்லை' என்ற பொருளில் ஒரே ஒரு வரி வரும், அவ்வளவுதான், பில்ட் வெற்றி என்று முடிந்துவிடும். முதல் சுற்றில் இது வசதியாகத் தோன்றும். ஆனால் ஏதோ காரணத்தால் ஹார்ஃப்பஸின் டெவ் பொதி (கம்பைல் செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகள் உள்ள பொதி) நிறுவப்படாமல் போனால் இரண்டாம் சுற்றிலும் அதே வரி வரும், அப்போதும் பில்ட் வெற்றி என்றே முடியும். ஆகவே எந்த வசதியையும் 'ஆட்டோ'வில் விடாதீர்கள். முதல் சுற்றில் 'டிஸேபிள்ட்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டாம் சுற்றில் 'எனேபிள்ட்' என்று எழுதுங்கள். அப்போதுதான் வேண்டியது இல்லாதபோது பில்ட் பிழை காட்டி நிற்கும். இதோடு சேர்த்து, ஒவ்வொரு பொதியையும் அதற்குரிய சார்புகள் மட்டுமே நிறுவப்பட்ட ஒரு சுத்தமான சிரூட்டுக்குள் (கணினியின் மற்ற கோப்புகள் தெரியாத தனி அடைவுக்குள்) கட்டுங்கள். முன்பு கட்டியவற்றின் எச்சங்கள் கிடக்கும் கணினியில் கட்டினால், எது எதைப் பிடித்துக்கொண்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து வந்தது ஜிலிப் (ஜிலிப்சி வேறு; இது பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஓர் அடிப்படை நூலகம்). இங்கே என்னை அலைக்கழித்தது காலாவதியான குறிப்புகள். முன்பெல்லாம் ஜிலிப்பைக் கட்டி, பிறகு வேறு மொழிகளிலிருந்து நூலகங்களை அழைக்க உதவும் ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்‌ஷனைக் கட்டினால் போதும். ஜிலிப்புக்கான விவரிப்புக் கோப்புகள் பின்னதிலேயே இருந்தன. 2024இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து அந்தக் கோப்புகளை உருவாக்கும் பொறுப்பு ஜிலிப்பிடமே வந்துவிட்டது. அவற்றை உருவாக்கும் ஸ்கேனரோ இன்ட்ரோஸ்பெக்‌ஷன் பொதியில் இருக்கிறது. அந்தப் பொதியைக் கட்ட ஜிலிப் வேண்டும். முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஒரு வளையம் முளைத்தது. தீர்வு அதே மூன்று அடிகள்தாம்: இன்ட்ரோஸ்பெக்‌ஷனை அணைத்து ஜிலிப், அதைக் கொண்டு இன்ட்ரோஸ்பெக்‌ஷன், பிறகு வசதியை இயக்கி மீண்டும் ஜிலிப். பழைய வரிசையை நம்பிக்கொண்டிருந்த எனக்கு, பதிப்பு மாறினால் வளையத்தின் வடிவமும் மாறும் என்பது அப்போதுதான் உறைத்தது. இணையத்தில் கிடைக்கும் எந்தக் கட்டும் வரிசையையும், அது எந்தப் பதிப்புகளுக்காக எழுதப்பட்டது என்று பார்க்காமல் எடுத்தாளாதீர்கள். இன்னொன்றும் உண்டு: அந்த ஸ்கேனர் ஒரு சிறு நிரலைக் கம்பைல் செய்து, அதை ஓட்டிப் பார்த்துத்தான் விவரங்களைச் சேகரிக்கிறது. வேறு பிராசசருக்காகக் கிராஸ் கம்பைல் செய்யும்போது அந்த நிரல் நம் கணினியில் ஓடாது. அப்படிப்பட்ட இடங்களில் இன்ட்ரோஸ்பெக்‌ஷனை அணைத்துக் கடந்துவிட்டு, இலக்குக் கணினி எழுந்து நின்றபின் அதிலேயே மறுபடி கட்டுவதுதான் எனக்குக் கைகொடுத்தது.

சில மென்பொருள்கள் இந்தச் சிக்கலை முன்கூட்டியே நினைத்துத் தம் மூலநிரலுக்குள்ளேயே வழி வைத்திருக்கின்றன. சிமேக் என்ற பில்ட் கருவி அவற்றில் ஒன்று. அது பயன்படுத்தும் ஜேசன்சிபிபி போன்ற நூலகங்கள் பெரும்பாலும் சிமேக்கைக் கொண்டே கட்டப்படுகின்றன. ஆனால் சிமேக் தன் மூலநிரலுடன் அவற்றின் பிரதிகளையும் வைத்திருக்கிறது, ஏற்கெனவே சிமேக் இல்லாத இடத்திலும் அதைக் கட்டித் தரும் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்ட் ஒன்றும் இருக்கிறது. பைத்தானில் ஃப்ளிட்கோர் என்ற பொதி, வேறெதையும் கேட்காமல் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். பிரதிகளை உள்ளே வைத்திருப்பது பொதுவாக நல்ல வழக்கம் இல்லை என்று டிஸ்ட்ரோக்காரர்கள் சொல்வார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் முதல் சுற்றுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஒரு பொதியின் வளையத்தை உடைக்கச் சொந்தமாகப் பேட்ச் எழுதுவதற்கு முன், அதன் மூலநிரலில் இத்தகைய வழி இருக்கிறதா என்று இன்ஸ்டால் கோப்பைப் படித்துப் பாருங்கள்.

தன்னையே சார்ந்திருக்கும் கம்பைலர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோ மொழியின் கம்பைலர் 2015இல் வந்த 1.5 பதிப்பு முதல் கோ மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சி மொழியில் இருந்த கடைசிப் பதிப்பு 1.4. அங்கிருந்து தொடங்கினால் 1.17, 1.20, 1.22 என்று படிப்படியாக ஏறி வர வேண்டும். ரஸ்ட் கம்பைலரைக் கட்ட அதற்கு முந்தைய பதிப்பின் ரஸ்ட் வேண்டும், ஜாவாவும் அப்படியே. இங்கே வெட்டுவதற்கு எந்த வசதியும் இல்லாததால், ஒரு வித்து பைனரி (தொடங்குவதற்கான ஆயத்தக் கம்பைலர்) இருந்தே ஆக வேண்டும் அல்லது வேறு கம்பைலர் வழியாக நீண்ட படிக்கட்டு ஏற வேண்டும். குயிக்ஸ் டிஸ்ட்ரோ திட்டத்தார் 2023இல் 357 பைட் அளவுள்ள ஒரே ஒரு வித்திலிருந்து முழு அமைப்பையும் கட்டிக் காட்டினார்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. காலக்கெடுவோடு வேலை செய்பவர்களுக்கு அதிகாரபூர்வமான வித்து பைனரியை எடுத்து, கோப்பு மாறவில்லை என்று காட்டும் அதன் செக்சம்மைச் சரிபார்த்து, அதைக் கொண்டு ஒருமுறை கட்டி, அப்படிக் கட்டியதைக் கொண்டு மறுபடி கட்டுவது போதும். கம்பைலர் ஒரு கருவி. அது கடன் வாங்கத் தக்க வகையைச் சேர்ந்தது.

நான் வீணாகப் போராடிய இன்னொரு இடம், ஓடும்போது மட்டும் உள்ள வளையங்கள். இரண்டு பொதிகள் நிறுவப்படும்போது ஒன்றையொன்று கேட்பதைக் கண்டதும் அதையும் உடைத்தாக வேண்டும் என்று நினைத்து நெடுநேரம் செலவிட்டேன். அதற்கு அவசியமே இல்லை. டெபியனிலேயே சி நூலகப் பொதியும் ஜிசிசியின் துணை நூலகப் பொதியும் ஒன்றையொன்று சார்ந்துதான் இருக்கின்றன. பொதி மேலாண்மைக் கருவிகள் இரண்டையும் சேர்த்தே இறக்கி, நிறுவியபின் ஓடும் ஸ்கிரிப்ட் இல்லாத பொதியின் இடத்தில் வளையத்தை வெட்டிக்கொள்கின்றன. இரண்டு பொதிகளுக்குமே அத்தகைய ஸ்கிரிப்ட் இருந்து, ஒன்று மற்றொன்றை எதிர்பார்த்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டிக்கும் அடிப்படைக் கட்டளைகள் உள்ள யூட்டில் லினக்ஸுக்கும் இடையில் இருப்பது அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. சிஸ்டம்டிக்கு யூட்டில் லினக்ஸின் லிப்மவுன்ட் வேண்டும், யூட்டில் லினக்ஸின் சில கட்டளைகளுக்குச் சிஸ்டம்டியின் லிப்யூடெவ் வேண்டும். இது கட்டும்போதே உள்ள வளையம், எனவே யூட்டில் லினக்ஸை யூடெவ் இல்லாமல் ஒருமுறை கட்டித்தான் ஆக வேண்டும். இரண்டு வகையையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்திருந்தால் பில்ட் சர்வருக்கு ஒரு மாத வாடகையாவது மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் சுற்றைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிரச்சினைகள் வெளியே தெரியாமல் தங்கிவிடும் இடம் அதுதான். முதல் சுற்றில் குறையோடு கட்டிய ஒவ்வொரு பொதியையும் முழு வசதியோடு மீண்டும் கட்டியே தீர வேண்டும். இதைச் செய்யாவிட்டாலும் அமைப்பு எழுந்து நிற்கும், திரையும் தெரியும். எங்கள் கருவியில் லிப்விஏ என்ற வீடியோ நூலகம் அப்படித்தான் தங்கிப்போயிற்று. திரை வரைகலைக்கான மெசாவைக் கட்ட லிப்விஏ வேண்டும், லிப்விஏவின் ஓபன்ஜிஎல் பகுதிகளைக் கட்ட மெசா வேண்டும். ஆகவே லிப்விஏவை முதலில் அந்தப் பகுதிகள் இல்லாமல் கட்டுகிறோம். மறுசுற்றுப் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. நெடுநாள் கழித்து, வீடியோ இயக்கி ஒன்று தனக்குத் தேவையான லிப்விஏ ஜிஎல்எக்ஸ் நூலகம் இல்லை என்று அறிவித்தபோதுதான் தெரிய வந்தது. மெசாவைத் தொட்டால் அதோடு எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் தொகுப்பின் கட்டுமானமும் ஓடும் என்ற நிலையில் என் பில்ட் ஸ்கிரிப்ட் இருந்ததால், அந்த ஒரு விடுபடல் சர்வரின் பல மணி நேரத்தைத் தின்றது.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதல் சுற்றில் குறையோடு கட்டும் ஒவ்வொரு பொதியின் பதிப்பு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் அலைக்குறியும் (~) 'பூட்ஸ்ட்ராப்' என்ற சொல்லும் சேர்க்கிறேன். டெபியனிலும் ஃபெடோராவின் ஆர்பிஎம்மிலும் அலைக்குறி சேர்ந்த பதிப்பு, அது இல்லாத அதே பதிப்பைவிடத் தாழ்ந்ததாகவே கொள்ளப்படும். எனவே முழுப் பொதி வந்தவுடன் குறைப் பொதியை அது தானாகவே மேம்படுத்திவிடும். குறைப் பொதிகளைத் தனிக் களஞ்சியத்தில் வைக்கிறேன்; இறுதிக் களஞ்சியத்தில் அந்தச் சொல் உள்ள பதிப்பு ஒன்றுகூட இல்லை என்று ஒரு ஸ்கிரிப்ட் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறேன். அத்தோடு, முழுப் பொதி உண்மையிலேயே முழுமையானதுதானா என்று ரீட்எல்ஃப் என்ற கருவியைக் கொண்டு பார்க்கிறேன். ஃப்ரீடைப்பின் நூலகக் கோப்பைக் கொடுத்தால், அது ஓடுவதற்கு வேண்டிய நூலகங்களை 'நீடட்' என்ற தலைப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். முதல் சுற்றில் அங்கே இசட்லிப்பும் லிப்பிஎன்ஜியும் சி நூலகமும் இருந்தன. இரண்டாம் சுற்றுக்குப் பின் அந்த வரிசையில் லிப்ஹார்ஃப்பஸும் வந்து நின்றதைக் கண்டபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது. அதற்கு மேல், முழுப் பொதிகளைக் கொண்டு இன்னொரு முறையும் எல்லாவற்றையும் கட்டி, இரண்டு முறையும் கிடைத்த 'நீடட்' பட்டியல்களை ஒப்பிடுகிறேன். பட்டியல்கள் ஒன்றுபோல் இருந்தால் வளையம் முழுவதும் அவிழ்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஜிசிசி தன்னைக் கட்டும்போது இரண்டாம், மூன்றாம் கட்டக் கோப்புகளை ஒப்பிடுவதும் இதே எண்ணத்தில்தான்.

இரண்டாம் சுற்று முடிந்தவுடன் வரும் ஒரு பிழையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அது வரும்போது பதற்றம் வேண்டாம். ஹார்ஃப்பஸோடு ஃப்ரீடைப்பைக் கட்டியதும், நூலகத்தை எப்படி இணைப்பது என்று மற்ற பொதிகளுக்குச் சொல்லும் அதன் பிகேஜி கான்ஃபிக் கோப்பில் ஹார்ஃப்பஸ் ஓர் உட்சார்பாக எழுதப்பட்டுவிடும். அதுவரை நன்றாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறு பொதிகள், சுத்தமான சிரூட்டுக்குள், ஃப்ரீடைப்புக்கு வேண்டிய ஹார்ஃப்பஸ் கிடைக்கவில்லை என்று நின்றுபோகும். அந்தப் பொதிகளுக்கு ஹார்ஃப்பஸோடு எந்தத் தொடர்பும் இல்லாததால் எங்கே தேடுவதென்றே தெரியாது. ஃப்ரீடைப்பின் டெவ் பொதி ஹார்ஃப்பஸின் டெவ் பொதியைச் சார்ந்திருக்கிறது என்று அறிவித்துவிட்டால் சரியாகிவிடும். அந்த இரண்டு டெவ் பொதிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். அது நிறுவும்போதுள்ள வளையம்தான் என்பதால் விட்டுவிடலாம்.

புதிய பதிப்புகள் வரும்போது இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். களஞ்சியத்தில் முழுமையான பழைய ஃப்ரீடைப் இருக்கும்வரை புதிய ஹார்ஃப்பஸை அதைக் கொண்டு கட்டலாம், பிறகு புதிய ஃப்ரீடைப்பை அந்த ஹார்ஃப்பஸைக் கொண்டு கட்டலாம். பழைய பொதியே வித்தாக இருந்து உதவுகிறது. ஆனால் பல களஞ்சியக் கருவிகளில் புதிய பொதி சேர்ந்தவுடன் பழையதை அழித்துவிடும் ஏற்பாடு இருக்கும். ஒரு நூலகத்தின் சோநேம் (பதிப்போடு சேர்ந்த அதன் இணைப்புப் பெயர்) மாறி, பழையது அழிக்கப்பட்டு, அதைச் சார்ந்திருந்த கருவி அந்த நூலகத்தையே கட்டுவதற்குத் தேவைப்படுவதாக அமைந்துவிட்டால், அன்று வளையம் மறுபடியும் மூடிக்கொள்ளும். எனவே அந்தத் தானியங்கி அழிப்பை நிறுத்திவிட்டு, மேம்பாட்டுச் சுற்று முழுவதும் முடிந்து பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை பழைய பொதிகளை வைத்திருங்கள். முதல் சுற்றின் குறைப் பொதிகளையும், எந்தச் சார்பை எதற்காக வெட்டினோம் என்று எழுதிய கோப்பையும், அவை கட்டப்பட்ட பதிப்பு எண்களோடு சேர்த்து, பில்ட் சர்வருக்கு வெளியே வேறோரிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.